அளவெடுத்தவர் மேல் இருந்த இரும்பு

அந்தக் குடிசையைப் பிரித்துக்கொண்டிருந்தோம்.

படப்பைக்கு உள்ளே தள்ளி, மனை பிரித்துக் கல் நட்டும் இன்னும் விற்காத ஒரு நிலத்தின் கோடியில் அது இருந்தது. பலகைச் சுவர், ஓலைக் கூரை, மண் தரை. தனசேகர் ஒவ்வொரு பலகையாகக் கழற்றி என்னிடம் தருவார். ஸ்டூல் மேல் இருந்த காந்தமானிக்கு முன்னால் நான் குனிந்து அதை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகக் காட்டுவேன். தூரத்தில் வேப்ப மரத்தடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த எங்கள் ஆய்வகத் தலைவர் ஜெயசீலன் சார் எண்ணைப் பார்ப்பார். எண் குதித்தால் பலகையில் இரும்பு இருக்கிறது. குதிக்காவிட்டால் இல்லை.

நாங்கள் தேடியது ஒரே ஒரு ஆணியை. அது கிடைத்தால் தனசேகருக்கு வேலை போகும். மூன்று பேருக்கும் இது தெரியும். தெரிந்தே அவர் கழற்றித் தருகிறார், நான் வாங்கிக் காட்டுகிறேன். நல்ல ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக இப்படி ஒரு வேலை.

பன்னிரண்டாவது பலகையில் சார் கையைத் தூக்கினார். "குதிச்சுது. அதைத் தனியா வைங்க."

தனசேகரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காகவே பலகையை மெனக்கெட்டு ஓரமாகக் கொண்டுபோய் வைத்தேன்.

வானத்தில் எதற்கு காந்தம்?

தாம்பரம் தாண்டி இருக்கும் என் பொறியியல் கல்லூரியைப் பற்றி இந்தத் தொடரில் எப்போது எழுதினாலும், காந்தத்தை அளக்க வானத்துக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்டு ஒருவராவது எழுதிவிடுகிறார். இந்த முறை பொழிச்சலூரிலிருந்து ஒரு வாசகி. உங்கள் தலைக்கு மேல் விமானம் போவது போதாதா, இது வேறா என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான்.

விமானம் போவதற்கும் வெகு உயரத்தில், காற்று மிகவும் மெலிந்துபோன இடத்தில், வெயில் பட்டுக் காற்றின் அணுக்கள் உடைந்து மின்னேற்றம் பெறுகின்றன. பகலில் அங்கே மின்சாரம் ஓடுகிறது. கம்பி கிடையாது, சும்மா காற்றிலேயே ஓடுகிறது. நம் தென்கோடிக்கு மேலே ஒரு பட்டை மாதிரி கிழக்கு மேற்காக நடுப்பகலில் அது பலமாக ஓடும். மின்சாரம் ஓடினால் காந்தம் உண்டாகும். ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். சூரியன் சீறினால் எல்லாமே கலங்கிப்போகும். அதைத்தான் காந்தப் புயல் என்கிறோம். அந்த நேரத்தில் போனில் நாம் இருக்கும் இடம் தப்பாகக் காட்டலாம், தூரத்து ரேடியோ கரகரக்கலாம், சில ஊர்களில் கரண்டே போகலாம்.

தரையில் ஒரு கருவியை வைத்தால் அந்த ஓர் இடத்துக்கு மேலே நடப்பதுதான் தெரியும். செயற்கைக்கோள் என்றால் சுற்றிச் சுற்றி எல்லா இடத்துக்கும் மேலே போய் வரும். அதற்காகத்தான் எங்கள் கல்லூரியிலிருந்து ஒன்று போனது. அப்படியொன்றும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஷூ டப்பா அளவுதான். அதிலிருந்து நீண்ட ஒரு குச்சியின் நுனியில் எங்கள் காந்தமானி.

அது தந்த எண்களைப் பார்த்து முதல் ஒரு மாதம் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. நடுப்பகல் பக்கத்தில் அந்தப் பட்டையைத் தாண்டும்போதெல்லாம் காந்த அளவு சடாரென்று ஒரு குதி குதித்தது. இத்தனை பெரிய குதியை யாரும் பார்த்ததில்லை. கல்லூரித் தாளாளர் வந்து கை கொடுத்துவிட்டுப் போனார். நான் என் வீட்டுக்காரரிடம், "ஏதோ புதுசா மாட்டியிருக்கு" என்று கூடுவாஞ்சேரி ஸ்டேஷனிலேயே சொல்ல ஆரம்பித்து வீடு போய்ச் சேரும் வரை நிறுத்தவில்லை.

என்னைத்தான் முதலில் உறுத்தியது. குதித்தது சரி, தினமும் ஒரே அளவு ஏன் குதிக்க வேண்டும்? சூரியன் அமைதியாக இருந்த நாளிலும் அதே அளவு. சீறிய நாளிலும் அதே அளவு. அதே இடத்தைத் தாண்டிய வேறொரு குழுவின் கோளில் அந்தக் குதியே இல்லை.

அப்புறம்தான் ஒன்று பிடிபட்டது. ஒரே பக்கம் வெயில் படக் கூடாது என்று எங்கள் கோள் சரியாக அந்த இடத்தில்தான் அரைச் சுற்றுத் திரும்பும். கருவியின் ஒரு பக்கத்தில் தப்பு இருந்தால், கோள் திரும்பும்போது அந்தத் தப்பும் கூடவே திரும்பும். பார்க்கிறவர்களுக்கு வானத்தில் ஏதோ நடந்த மாதிரி இருக்கும். தப்பு வானத்தில் இல்லை. தரையில், நாங்கள் கருவியைச் சரிபார்த்த அன்றைக்கே நடந்திருக்கிறது.

குடிசை கட்டிய விதம்

சரிபார்ப்பது என்றால், காந்தம் இவ்வளவுதான் என்று நமக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தில் கருவியை வைத்து, அது எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள்வது. பக்கத்தில் இரும்பு இருக்கக் கூடாது. ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி, தாம்பரத்தில் ரயில், கல்லூரிக் கட்டடம் முழுக்கக் கம்பி. எங்கே போவது?

இடம் பிடித்துக் கொடுத்தவர் தனசேகர்தான். எங்கள் ஆய்வகத்தில் டெக்னீஷியன், ஒப்பந்த வேலை, வருடா வருடம் கையெழுத்தாக வேண்டும். படப்பை நிலம் அவருடைய மாமனாருடையது. மாப்பிள்ளை சேட்டிலைட் செய்கிறார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிற மனிதர் அவர். கேட்டதுமே கொடுத்துவிட்டார். கட்டியதும் தனசேகர். ஓர் இரும்பு ஆணி இல்லாமல், பித்தளைத் திருகும் கயிறும் போட்டுக் கட்டினார். செங்கல்லில்கூட இரும்பு உண்டு என்று நான் சொன்னதும் போட்ட தரையைப் பெயர்த்துவிட்டு மண் போட்டு மெழுகினார். சும்மா சொல்லக் கூடாது, பலகைகளை மட்டும்தான் பழைய மரக் கடையில் வாங்கினார், அதுவும் நன்றாகக் காய்ந்த மரம் வேண்டும் என்பதற்காக.

வாசலில் சார் ஒரு தாள் ஒட்டியிருந்தார். உள்ளே போகிறவர்கள் கழற்ற வேண்டியவை: பெல்ட், சாவி, வாட்ச், பேனா, போன், ஆணி வைத்த செருப்பு. அதன் கீழே நான் ஹேர்பின் என்று சேர்த்தேன். அன்றைக்கு ஊக்கு, கொக்கி எதுவும் வேண்டாம் என்று நான் புடவை கட்டாமல் சுடிதாரில் போனேன். என் கண்ணாடி ஸ்டீல் ஃபிரேம். அதையும் கழற்றிக் கொடுத்துவிட்டேன். எவ்வளவு ஜாக்கிரதை பாருங்கள்.

வேலை இதுதான்: நான் கருவியைக் கோணம் கோணமாகத் திருப்பி வைத்து "எடு" என்பேன், தனசேகர் எண்ணைக் குறித்துக்கொள்வார். ஒரு பக்கத்தை அளக்கும்போது மட்டும் கோணக் கோடுகள் கருவியின் அடியில் இருந்தன. கண்ணாடி இல்லாமல் எனக்குத் தெரியவில்லை. மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்து, அப்படியே குனிந்தபடி "எடு" என்றேன்.

தனசேகர் ஒரு தடவை, "மேடம், கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்களேன்" என்றார்.

"தள்ளி நின்னா எனக்குக் கண்ணு தெரியுமா தனசேகர்? நீங்க எழுதுங்க" என்று எரிந்து விழுந்தேன். எனக்கு இப்படிப் பொசுக்கென்று கோபம் வரும். வீட்டிலும் வரும். அவர் அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை.

ஐந்து பலகைகள்

குடிசை பிரித்த அந்த ஞாயிறு, மதியத்துக்குள் ஐந்து பலகைகள் தனியாகப் போய்விட்டன. பழைய மரம், உள்ளே முறிந்த ஆணி முனை ஏதாவது தங்கியிருக்கும் என்றார் சார். ஒவ்வொரு பலகையையும் காந்தம் வைத்துத் தேய்த்துப் பார்த்துதான் வாங்கினேன் என்றார் தனசேகர். 

தனசேகர் கடைசியாக ஒன்று கேட்டார். "சார், அந்த அஞ்சையும் நா ஒரு தபா காட்றேன். மேடம் தள்ளி நிக்கட்டும்."

சார் யோசித்தார். அவர் நல்ல மனிதர். காலை ஆராதனையை விட்டுவிட்டு வந்திருந்தார், சாயந்திர ஆராதனைக்காவது போக வேண்டும் என்ற அவசரமும் இருந்தது. ஆனால் அவர் மறுத்தது அதனால் இல்லை. "வேண்டாம் தனசேகர். உங்க மேலதான் கேள்வி. நீங்களே காட்டினா நாளைக்கு யாராவது ஒண்ணு சொல்லுவாங்க" என்றார். நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று நினைத்துத்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

மரத்தடியிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மாமனார், எதுவும் கேட்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரமே ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று முடிவாயிற்று.

திங்கள்கிழமை காலை

குடிசை பிரித்த மறுநாள் காலை என் மகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். துப்பட்டாவுக்கு ஊக்கு வேண்டும் என்று கத்தினாள். அடுப்பில் இருந்தபடியே கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனேன். தாலிச் செயினில் எப்போதும் ஐந்தாறு ஊக்கு தொங்கும். புடவை கட்டினாலும் சுடிதார் போட்டாலும் தொங்கும். எந்த அவசரத்துக்கும் கைக்கு எட்டுகிற இடம் அதுதானே. என் அம்மாவுக்கும் தொங்கியது, என் நாத்தனாருக்கும் தொங்குகிறது.

ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன். கொடுத்த கை அப்படியே நின்றது.

ஹேர்பின்னைப் பட்டியலில் எழுதிய கை இது. கண்ணாடியைக் கழற்றிய கை. புடவைக்கு ஊக்கு வேண்டாம் என்று சுடிதார் எடுத்து மாட்டிய கை. இந்த ஊக்குகள் என் ஞாபகத்துக்கே வரவில்லை. குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழுத்தில் கிடக்கிறதை ஒரு பொருள் என்றே நான் நினைக்கவில்லை.

யாரும் வருவதற்கு முன்னால் கல்லூரிக்குப் போய், பலகைகளுக்கு வைத்த அதே மாற்றுக் காந்தமானியைப் போட்டு, அதன் முன்னால் குனிந்தேன். எண் குதித்தது. நிமிர்ந்தேன், இறங்கியது. அப்பட்டமாகத் தெரிந்தது. தராசுத் தட்டில் விரலை வைத்துக்கொண்டே எடை போட்டிருக்கிறேன். பலகைகளில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பலகையையும் குனிந்து காட்டியவள் நான்தான். சில தடவை செயின் முன்னால் சரிந்தது, சில தடவை துணிக்குள்ளேயே இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் எழுதிய வாக்கியம்

உடனே போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். அப்படிச் செய்யவில்லை.

அறிக்கை எழுதினேன். கணக்கெல்லாம் போட்டு, குறைபாட்டுக்குக் காரணம் பலகை அல்ல, "அளவெடுத்தவர் மேல் இருந்த இரும்புப் பொருள்" என்று எழுதினேன். ஒரு வார்த்தை பொய் இல்லை. அளவெடுத்தவர் யார் என்று எழுதவில்லை. யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

சார் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப மரம் இல்லையா? பெல்ட்டோட உள்ள போயிட்டாரா? பாவம், அவரே ஒத்துக்கிட்டாரா?" என்று கேட்டார்.

 வாசித்துக் குறித்தவர் தனசேகர் என்பதால் சார் மனதில் அளவெடுத்தவர் அவர்தான். இல்லை சார், நான்தான் என்று சொல்ல மூன்று நொடி போதும். குதி வானத்தில் இல்லை, கருவியில் என்ற கண்டுபிடிப்பு என் பெயரில்தான் கட்டுரையாகப் போக இருந்தது. என் பதவி உயர்வும் அதோடு இருந்தது. அதைவிட, கழுத்தில் ஊக்கு மாட்டிக்கொண்டு செயற்கைக்கோளைச் சரிபார்த்தவள் என்று மாணவர்கள் சிரிப்பார்களே என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. மென்று முழுங்கினேன். "விசாரிக்கணும் சார்" என்றேன். விசாரிக்க என்ன இருந்தது?

அப்படியே பத்து நாள் போயிற்று. தனசேகர் தன் பித்தளைத் திருப்புளிகளைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு, வருகிறேன் மேடம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. எனக்கு என்னைப் பார்த்தே அருவருப்பாக இருந்தது.

என் மனசாட்சி ஒன்றும் என்னைப் பேச வைக்கவில்லை. தங்கள் கோளில் குதியே காணாத அந்த வேறொரு குழுவின் கடிதம்தான் பேச வைத்தது. எண்ணிலிருந்து தப்பைக் கழித்துத் தருகிறோம் என்று நாங்கள் எழுதியிருந்தோம். அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. காரணம் தெரியாமல் கழித்தால் அது வெறும் ஒப்பேற்றல், எந்தப் பொருள், எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கம் இருந்தது என்று அளந்து காட்டுங்கள் என்றார்கள். காட்டாவிட்டால் கோளின் இத்தனை மாத எண்களும் குப்பை.

பெல்ட் என்று புளுகினால் எண் ஒத்துவராது. அதே ஊக்குகள், அதே உயரத்திலிருந்து குனிகிற அதே ஆள் வேண்டும்.

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் முன்னாலேயே குனிந்தும் காட்டினேன். அவர் தரையிலிருந்தும் கருவியிலிருந்தும் செயினுக்கு இருந்த தூரத்தை மர ஸ்கேலால் அளந்து எழுதிக்கொண்டார். வானத்தில் குதித்ததில் சரியாகப் பாதி வந்தது. கோள் திரும்பும்போது இரண்டு மடங்காகும், ஆகவே கச்சிதம்.

ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டுச் சார் சொன்னது ஒன்றுதான். "உமா, நான் உங்ககிட்ட கேட்டேனே."

கழித்த பிறகு அந்தப் பெரிய குதி மறைந்துவிட்டது. மிச்சம் இருந்தது, நாளுக்கு நாள் கூடிக் குறைகிற சின்ன அலை. ஒரு காந்தப் புயலன்று அது நன்றாகவே தடுமாறியது தெரிந்தது. ஊருக்கெல்லாம் ஏற்கெனவே தெரிந்தது எங்களுக்கும் தெரிந்தது, அவ்வளவுதான். ஆனால் சரியாகத் தெரிந்தது.

மலர் கேட்டது

சார் அன்றே தனசேகருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டு, ஒன்றாம் தேதியிலிருந்து வரச் சொன்னார். வருகிறேன் சார் என்றாராம். ஆனால் மேடம் ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்றாராம்.

போனேன். தனசேகரின் மனைவி மலர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். ஷிப்ட் முடிந்து வந்து, கழுத்தில் அட்டையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் சொல்ல ஆரம்பித்ததும் தனசேகர் தரையைப் பார்த்தார்.

"எனக்கு அன்னிக்கே சந்தேகம்தான் மேடம்" என்றார். "நீங்க குனிஞ்சா நம்பர் ஏறுது, நிமிந்தா இறங்குது. செயின் வெளிய வந்து ஆடுச்சு. பாத்தேன்."

எனக்கு நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. "பார்த்துட்டுமா சொல்லல? வேலை போற வரைக்குமா?"

"எப்படி மேடம் கேக்கறது? தாலில இன்னா கீதுன்னு ஒரு பொம்பள கிட்ட எப்படி கேக்கறது? தள்ளி நில்லுங்கன்னு சொன்னேன். அதுக்கே கத்திட்டீங்க."

மலர் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "எங்க கம்பெனி கேட்ல டெய்லி கேக்கறாங்க. ஊக்கு, வளையல் எல்லாம் கழட்டி கிண்ணத்துல போட்டுட்டுதான் உள்ள போறோம். கேக்கறவங்களுக்கு வெக்கமும் இல்ல, எங்களுக்கு கோவமும் இல்ல. வேலைன்னா வேலை. நீ கேட்டிருந்தா எங்கப்பா மூஞ்சில முழிக்க முடியாம இப்படி வூட்லயே கெடந்திருப்பியா?"

 அப்பாடா, பழி அவர் பக்கம் போயிற்று என்று நான் மூச்சு விட்டது உண்மை. அவள் அதையும் கவனித்திருக்க வேண்டும்.

"இவருக்கு வெக்கம், வாய் வரல. அத கூட ஒத்துக்கலாம்" என்றாள் என்னிடம். குரலை உயர்த்தவே இல்லை. "உங்களுக்கு திங்கக்கெழமையே தெரிஞ்சிடுச்சு. பத்து நாளு இன்னா மேடம் பண்ணீங்க?"

அறிக்கை எழுதினேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

"பயந்துட்டேன்" என்றேன்.

 மலர் எழுந்தாள். "அப்பாவ கூப்புடறேன். ஆணி இல்ல, ஊக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடாதீங்க. இதையும் சொல்லுங்க."

உள்ளேயிருந்து பெரியவர் வந்தார். மாப்பிள்ளையைப் பார்க்காமல் என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சொன்னேன்.